‘குளிசை சூடு’ என்றால் ஏன் சிரிக்கிறீங்க?

மூதூர்ப் பக்கம் எந்தக் கிளினிக் வரிசையிலயும் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்க. “இந்தக் குளிசை சரியான சூடு மிஸ், எனக்கு ஒத்துவருதில்ல” என்று ஒரு அம்மா சொல்லாமல் அந்த வரிசை கலையாது. அதற்குக் கிடைக்கிற பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சிரிப்பு. நல்ல நாளென்றால் “தண்ணி நல்லாக் குடிங்கம்மா”. கெட்ட நாளென்றால் “குளிசையில என்னம்மா சூடு? அடுத்த ஆள் வாங்க”. வீட்டுக்கு வந்தால் கம்பஸ் போன பிள்ளையும் அதையே சொல்லும். சூடு, குளிர்மை என்பதெல்லாம் பழைய ஆக்களின் கதை, விஞ்ஞானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவாகியிருக்கு.

அந்த முடிவுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாக் குளிசைக்கும் சேர்த்து வக்காலத்து வாங்க வரவில்லை. நரம்பு நோவுக்குக் கொடுக்கிற மருந்துகளைப் பற்றி, அதிலும் முக்கியமாக ஒரு மருந்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதைப் பொறுத்தவரை வரிசையில் நின்ற அம்மா சொன்னது சரி. ஒரு பக்கவிளைவை, தனக்குத் தெரிந்த தமிழில், அவர் அறிவித்திருக்கிறார். அதைக் குறித்துக்கொள்ள வேண்டியவர் சிரித்துவிட்டார்.

மருந்தின் பேர் அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து, அமெரிக்காவில் 1961இல் அனுமதி கிடைத்தது. குறைந்த அளவில், இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் கொடுத்தால் நரம்பு நோவை அடக்கும் என்பது பிறகு தெரியவந்தது. விலை குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அதனால் அரச ஆஸ்பத்திரியில் நரம்பு நோவென்று போனால் முதலில் கைக்கு வருகிற குளிசைகளில் இதுவும் ஒன்று. (இது மனவருத்தக் குளிசையாம் என்று யாராவது சொல்லிவிட்டால் “எனக்கென்ன விசரா?” என்று கோபித்துத் தூக்கி எறிகிற ஆக்களும் இருக்கினம். ஏன் தருகிறோம் என்று யாரும் சொல்லாததன் விளைவுதான் அதுவும்.)

எங்கட பக்கத்தில் இதைக் குடிக்கிறது யார்? சீனி வருத்தம் பத்துப் பதினைந்து வருஷமாக இருந்து, இரவானால் உள்ளங்கால் அடுப்பில வைச்ச மாதிரி எரியிறவர்கள். அக்கி வந்து மாறின பிறகும் அந்த இடம் குத்துகிறவர்கள். முள்ளந்தண்டில் நரம்பு நசிந்தவர்கள். இவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சம்பூருக்கு அதற்கு மேலால் இன்னொரு கணக்கு இருக்கு. 2006 ஏப்ரலில் கடலிலிருந்தும் வானிலிருந்தும் அடி விழுந்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. சனம் வெருகல் தாண்டி வாகரை, மட்டக்களப்பு என்று ஓடி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணல்சேனை என்று தகரக் கொட்டில்களுக்குள் கிட்டத்தட்ட ஒன்பது, பத்து வருஷம் கிடந்தது. 2015இலும் 2016இலும்தான் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. உடம்புக்குள்ள செல் பீஸோட இருக்கிறவர்கள், இல்லாத காலின் பெருவிரல் எரியுது என்று சொல்லுகிறவர்கள், இவர்களுடைய நோவும் நரம்பு நோதான். பனடோலுக்கு அடங்காது. இரவிரவாக முழித்துக் கிடக்கிற ஒரு ஆளுக்கு நாலு மணித்தியால நித்திரை கிடைக்கிறது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வீட்டு ஆக்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ஆகவே அமிட்ரிப்டிலின் கூடாது, ஆங்கில மருந்து கூடாது என்கிற ஆக்கள் இந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மருந்தோடு எனக்குச் சண்டை இல்லை. மருந்தைச் சுற்றியிருக்கிற வாய்மூடலோடுதான் சண்டை.

சரி, சூடு எங்கேயிருந்து வருகிறது?

உடம்பு வேலை செய்யும்போது சூட்டை உண்டாக்கும். அந்தச் சூடு வெளியே போக வேண்டும். காற்றுக் குளிராக இருந்தால் தோலிலிருந்து தானாகவே போய்விடும். தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 பாகை. வெளிக் காற்று அதையும் தாண்டிவிட்டால் சூடு தானாக வெளியே போகாது, வெளியிலிருந்து உள்ளே வரும். அந்த நேரத்தில் மிச்சமிருக்கிற ஒரே வழி வேர்வை. ஒரு லீட்டர் வேர்வை தோலில் இருந்து ஆவியாகினால் ஏறக்குறைய 580 கிலோகலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வெயிலில் கடுமையாக வேலை செய்கிற ஆளுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீட்டர் வேர்ப்பது புதுமையான விஷயமில்லை.

வேர்வைச் சுரப்பிக்கு ‘வேர்’ என்று கட்டளை போடுகிறது நரம்பு. நரம்பின் நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்கிற ஒரு பொருள் வெளிவந்து சுரப்பியில் போய் ஒட்டினால்தான் வேர்வை வரும். அமிட்ரிப்டிலின் என்ன செய்கிறதென்றால், அது ஒட்டுகிற இடத்தைத் தான் போய் அடைத்துக்கொள்கிறது. நரம்பு கத்தும், சுரப்பிக்குக் கேட்காது. வேர்வை குறையும். இவ்வளவுதான் விஷயம். இதில் மர்மமும் இல்லை, புதிய கண்டுபிடிப்பும் இல்லை. மருத்துவ மாணவர்களின் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்.

அசற்றைல்கோலின் வேர்வைக்கு மட்டும் பொறுப்பில்லை. எச்சில் ஊறுகிறதுக்கும், குடல் அசைகிறதுக்கும், சலப்பை சுருங்குகிறதுக்கும் அதே பொருள்தான் வேண்டும். அதை அடைத்தால் வாய் வறளும், மலம் இறுகும், சலம் போக முக்க வேண்டிவரும், கண் காயும், கிட்டப் பார்வை மங்கும், உடம்பு காந்தும். இப்ப அந்த அம்மாவிட்ட போய் “சூடு என்றால் என்னம்மா செய்யுது?” என்று கேளுங்க. வாய் காயுது, வெளிக்குப் போகுதில்ல, சலம் கடுக்குது, கண் எரியுது, உடம்பு காந்துது. இரண்டு பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்று மருந்தியல் புத்தகத்தில் இருக்கிறது, மற்றது கிளினிக் வரிசையில் இருக்கிறது. முதலாவதை மனப்பாடம் செய்தால் பட்டம் தருகிறார்கள். இரண்டாவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

‘சூடு’ என்கிற சொல்லை எங்கட ஆக்கள் கண்டதுக்கெல்லாம் பாவிக்கிறார்கள் என்பது உண்மைதான். அன்னாசிக்கும் சூடு, அன்ரிபயற்றிக்குக்கும் சூடு, கொஞ்சம் விட்டால் ரீவி பார்த்தாலும் சூடு. அதனால் அது பயனில்லாத சொல் என்று ஆகாது. மூன்று கேள்வி கேட்டால் அதற்குள்ளே இருக்கிறது வெளியே வந்துவிடும். ஊமத்தங்காயைத் தின்றால் நாக்கு வறண்டு, உடம்பு கொதித்து, விசர்க்கதை கதைக்கும் என்று ஊரில் தெரியாத ஆள் உண்டா? ஊமத்தையில் இருக்கிற அற்றோபின் குடும்பத்துப் பொருட்களும் அடைப்பது அசற்றைல்கோலின் ஒட்டுகிற இதே இடத்தைத்தான். குளிசை செய்வது அதே வேலையின் மெலிந்த வடிவம். இந்த அறிவு எங்களுக்கு ஏற்கெனவே இருக்கு. அதைக் கிளினிக் வாசலில் செருப்போட கழற்றி வைச்சிட்டு வரச் சொல்லுகிறார்கள்.

இரவு ஒரு 10 மில்லிகிராம் குளிசை போட்டவுடன் அடுத்த நாள் வயலில் ஆள் விழுந்துவிடுவார் என்று சொல்லி யாரையும் பயப்படுத்தவில்லை. குறைந்த அளவில் பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு மாறாக, வேர்வை கூடவும் செய்யலாம். ஆபத்து கூடுவது ஒன்றோடொன்று சேரும்போது. எங்கட பக்கத்தில் அந்த ஒன்றோடொன்றுதான் எல்லாம் சேர்ந்திருக்கு.

எண்ணிப் பாருங்க. வைகாசியிலிருந்து ஆவணி வரை இங்கே கச்சான் காற்று. மேற்கே மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய் வருகிற காற்று. பகல் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அதே மாதங்களில்தான் சிறுபோகம், அதே வெயிலில்தான் அருவி வெட்டு, விறகு, கூலி வேலை. குளிசை குடிக்கிறவருக்கு வயது அறுபது, வயது போகப் போக வேர்ப்பதும் தாகம் தெரிவதும் குறையும். சீனி வருத்தம் நரம்பைத் தின்னும்போது வேர்வைக்கான நரம்பையும் சேர்த்துத் தின்கிறது. கால் வேர்க்காமல் காய்ந்து வெடித்துப்போய் இருக்கிறதே, அதுதான். பிரஷருக்குச் சலம் போகவைக்கிற குளிசை ஏற்கெனவே உடம்புத் தண்ணியைக் குறைக்குது. தடிமன் என்று கடையில் வாங்கிப் போடுகிற பிரிட்டோனும் அசற்றைல்கோலினை அடைக்கிற ரகம்தான். ஒவ்வொன்றும் தனித்தனியே சின்ன விஷயம். ஒரே ஆளின் ஒரே உடம்பில், கச்சான் அடிக்கிற மத்தியானத்தில், இவை எல்லாம் கூட்டம் போடுகின்றன.

கழுத்துக்கோ மேல் முதுகுக்கோ அடிபட்டு முள்ளந்தண்டு முறிந்தவர்களின் நிலை இதைவிடக் கஷ்டம். முறிந்த இடத்துக்குக் கீழே அவர்களுக்கு வேர்வை சரியாக வராது. வெளியே என்ன வெக்கையோ அதையே உடம்பும் பிடித்துக்கொள்ளும். அந்த உடம்புக்கு நரம்பு நோவும் சேர்ந்தே வரும், அந்த நோவுக்கு இந்தக் குளிசையும் வரும். தகரக் கூரைக்குக் கீழே, விசிறிக்குக் கரண்ட் இல்லாத மத்தியானத்தில் அவர் கட்டிலில் படுத்திருக்கிறதை நினைத்துப் பாருங்க.

மற்ற மருந்துகளையும் சொல்ல வேண்டும். கபபென்டினும் பிரிகபலினும் இந்த மாதிரி வேர்வையை அடைப்பதில்லை. ஆனால் நித்திரை மயக்கமும் தலைசுற்றலும் தரும். அவை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் உடம்பில் தேங்கும். அரை மயக்கத்தில் வெயிலில் நிற்கிற ஆளுக்குத் தனக்குச் சூடேறுவது விளங்காது. டுலொக்சடின் போடுகிற சிலருக்கு வேர்வை ஊற்றாக ஓடும். தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற டொபிரமேட் வேர்வையைக் குறைத்துக் காய்ச்சல் மாதிரிச் சூடேற்றும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு என்று மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இன்னொன்று, அமிட்ரிப்டிலின் குடிக்கிறவர் நோ கூடினதென்று வேறொரு இடத்தில் ட்ரமடோலும் வாங்கிப் போட்டால், அபூர்வமாக, உடம்பு நடுங்கி, பதறி, வேர்த்து, சூடு எகிறுகிற வேறு ஒரு ஆபத்து வரலாம். இரண்டு இடத்தில் மருந்தெடுக்கிறவர்கள் இரண்டு துண்டையும் இரண்டு பக்கமும் காட்டாமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இப்ப கடல் தாண்டி ஒரு கதை. மிளகாய் கடித்தால் வாய் ஏன் எரிகிறது? நரம்பில் சூட்டை உணர்கிற ஒரு வாசல் இருக்கிறது, மிளகாயின் காரம் அந்த வாசலைத் திறக்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு இதைக் கண்டுபிடித்தது, 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த வாசலை மூடிவிட்டால் நோவே தெரியாதே என்று மருந்துக் கம்பெனிகள் ஓடின. அம்ஜென் என்கிற அமெரிக்கக் கம்பெனி ஒரு மருந்து செய்து, கடைவாய்ப்பல் பிடுங்கின ஆக்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிலருக்கு உடம்பு வெப்பம் 40 பாகை வரை ஏறியது. அந்த வாசல் நோவை மட்டுமல்ல, உடம்பின் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள், அந்த மருந்து அதோடு நின்றது. அதே கூட்டத்தில் வந்த வேறு மருந்துகள் வெப்பத்தை ஏற்றாவிட்டாலும், சுடுகிறதே தெரியாமல் கைவாயைச் சுட்டுக்கொள்கிற நிலையை உண்டாக்கின.

கம்பெனிக்காரர் நல்லவர்கள் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. வழக்குக்குப் பயந்துதான் நிறுத்தியிருப்பார்கள் என்று நீங்க நினைத்தாலும் நான் மறுக்கமாட்டேன். நான் பார்ப்பது வேறு. அங்கே ஒரு நோ மருந்து உடம்பைச் சூடாக்குது என்றவுடன் வெப்பமானி வைத்து அளந்தார்கள், எழுதினார்கள், நிறுத்தினார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகப் பாவனையில் இருக்கிற, வேர்வையைக் குறைக்கும் என்று ஆரம்பத்திலிருந்தே தெரிந்த ஒரு மருந்தை, உலகத்திலேயே வெக்கையான இடங்களில் ஒன்றில், வெயிலில் வேலை செய்கிற ஆக்களுக்குக் கொடுக்கும்போது ஒரு வசனம் சொல்ல எங்களுக்கு ஆளில்லை. 2003 ஆவணியில் பிரான்சில் அடித்த வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் வெக்கைகால ஆலோசனை எழுதும்போது எந்தெந்த மருந்து குடிக்கிறவர்களைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அமிட்ரிப்டிலினின் குடும்பம் அதில் இருக்கிறது. பாரிஸின் வெயிலுக்கு அந்தப் பட்டியல் தேவைப்படுகிறது, மூதூரின் வெயிலுக்குத் தேவையில்லையா?

எங்கட வளிமண்டலவியல் திணைக்களமும் வெக்கை கூடின நாட்களில் வெப்பச் சுட்டெண் அறிவித்தல் விடுகிறது. திருகோணமலை மாவட்டம் அடிக்கடி அதில் வரும். தண்ணி குடியுங்கள், நிழலில் ஓய்வெடுங்கள், மெல்லிய வெள்ளை உடுப்புப் போடுங்கள், வாகனத்துக்குள் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். நல்ல ஆலோசனைதான். பூட்டிவைக்க வாகனம் சம்பூரில் எத்தனை பேரிட்ட இருக்கு என்பது வேறு கதை. பத்து வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெரிய மரமும் இல்லை என்று நின்ற சனத்திட்ட ‘நிழல்’ என்பதை யோசித்துச் சொல்ல வேணும். இந்த ஊரின் வெயிலுக்கு மட்டும் கிராக்கி குறைந்ததே இல்லை. 500 மெகாவாட் அனல்மின் நிலையம் என்று காணியைப் பிடித்து, 2016இல் அதைக் கைவிட்டு, இப்ப 120 மெகாவாட் சூரிய மின்சாரம் என்று 2025 ஏப்ரலில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து வேலையை ஆரம்பித்து வைத்தார்கள். எங்கட வெயில் எத்தனை மெகாவாட் என்று அளக்கத் தெரிந்திருக்கு. அந்த வெயில் இங்கத்தைய ஒரு அம்மாவின் உடம்பில் என்ன செய்யுது என்று அளக்கிறதுக்கு ஒரு வெப்பமானி போதும், அதுதான் கிடைக்கவில்லை.

டொக்டர்மார் பக்கத்திலிருந்து வழக்கமாக வருகிற பதில் இரண்டு. முதலாவது, “ஒரு காலையில நூறு பேரைப் பார்க்கிறம், எல்லாம் விளங்கப்படுத்த நேரமில்லை.” இது உண்மை. அதை மறுக்கிறவன் கிளினிக் பக்கம் போகாதவன். அதனால்தான் டொக்டரிட்ட நேரம் கேட்காமல், குளிசை போடுகிற பையில் இடம் கேட்கிறேன். பெரிய போத்தலில் இருந்து எண்ணிக் கடதாசிப் பையில் போட்டுத் தருகிற குளிசையோடு கம்பெனி மடித்து வைத்த தாள் வராது. வந்தாலும் எறும்பு எழுத்தில் இங்கிலிஷ். நான் பார்த்த பைகளில் இருக்கிறது மருந்தின் பேர், எத்தனை, எந்த நேரம். சில நேரம் அதுவும் டொக்டர்மாரின் சுருக்கெழுத்தில். 1987இல் இருந்து தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. மருந்துகளைக் கவனிக்கிறதுக்கென்றே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கு. பைக்குப் பின்பக்கம் வெறுமையாக இருக்கு.

இரண்டாவது பதில்தான் எனக்குக் கோபம் வருவது. “பக்கவிளைவைச் சொன்னால் சனம் குளிசையை நிப்பாட்டிடும்.” சொல்லாமலே நிப்பாட்டுகிறார்கள் ஐயா! எங்கட பெரியம்மா அப்படித்தான். இரவில் 25 மில்லிகிராம் குடித்து ஒரு மாதம் நல்ல நித்திரை. பங்குனி முடிய வெக்கை தொடங்கினது, “சூடு தாங்கேலாம இருக்கு” என்று தானாகவே நிறுத்தினா. இரண்டு நாள் குமட்டலும் தலையிடியும் பதகளிப்பும். திடீரென்று நிறுத்தினால் இந்த மருந்து அப்படித்தான் செய்யும், படிப்படியாகக் குறைக்க வேண்டும். அது அவவுக்குத் தெரியாது, ஆகவே அந்தக் குமட்டலையும் மிச்சச் சூடு என்று நினைத்து நன்னாரி அவித்துக் குடித்தா. பிறகு கால் எரிவு பழையபடி. அடுத்த கிளினிக்கில் “ஒழுங்கா மருந்து குடிக்கிறதில்ல” என்று ஏச்சு. கொப்பியில் என்ன எழுதியிருப்பார்கள்? நோயாளி ஒத்துழைப்பில்லை என்றுதான். வேர்வை குறைந்தது, வாய் வறண்டது, வெயிலில் நிற்க முடியவில்லை என்ற ஒரு வரி எங்கேயும் இல்லை. எங்கேயும் எழுதப்படாததால், இந்த ஊரில் இந்த மருந்துக்கு அப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடுகிறது. பிரச்சினை இல்லை என்பதால் பையில் எழுதத் தேவையில்லை. வட்டம் எவ்வளவு வடிவாக மூடிக்கொள்ளுது பாருங்க.

சொல்லியிருந்தால் என்ன செய்திருக்கலாம்? அளவைக் குறைத்துப் பார்க்கலாம். வேறு மருந்துக்கு மாற்றலாம். வெக்கை மாதங்களில் வேலையை விடியக் காலைக்கும் பின்னேரத்துக்கும் தள்ளலாம். கூலிக்குப் போகிறவருக்கு அந்த நேரம் அவருடைய கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உடம்பை நனைக்கலாம். வேர்வை வராத தோலில் தண்ணியைத் தடவினால் ஆவியாகிறது வேர்வையா கிணத்துத் தண்ணியா என்று சூட்டுக்குத் தெரியாது. சேர்ட்டை நனைத்துப் போட்டுக்கொண்டு கச்சான் காற்றில் நிற்பது மலிவான, நல்ல வைத்தியம். நரம்பு நோக்காரர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்த வரலாறும் இருக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் சூடு பட்ட சிப்பாய்களைப் பார்த்து வியர் மிட்செல் என்கிற டொக்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1864இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். எரிவு தாங்காமல் அந்தச் சிப்பாய்கள் கையில் ஈரத்துணியும் தண்ணிப் போத்தலுமாகவே திரிந்திருக்கிறார்கள். சப்பாத்துக்குள்ளயே தண்ணி ஊத்திக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. மிட்செல் அவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் எழுதி வைத்தார். அதனால்தான் நூற்றைம்பது வருஷம் கழித்தும் எங்களுக்குத் தெரியுது.

கால் விறைத்த சீனி வருத்தக்காரர்கள் மட்டும் ஐஸ் தண்ணியில் கால் வைக்க வேண்டாம், மத்தியானத் தார் றோட்டிலும் கடற்கரை மணலிலும் வெறுங்காலோட நடக்க வேண்டாம். சுடுகிறதும் குளிர்கிறதும் காலுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

வயலிலோ வீட்டிலோ ஒருவர் உடம்பு நெருப்பாகச் சுட்டு, கதை தடுமாறி, ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றினால் பனடோல் தேட வேண்டாம். பனடோல் கிருமிக் காய்ச்சலுக்கு வேலை செய்வது, மூளை தானே உயர்த்தி வைத்த வெப்பத்தை இறக்குகிறதால். வெளியே போக வழியில்லாமல் தேங்கின சூட்டுக்கு அது உதவாது. நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணியால் நனைத்து, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நினைவு தடுமாறின ஆளுக்கு வாயில் தண்ணி பருக்க வேண்டாம். என்ன குளிசை குடிக்கிறவர் என்று தெரிகிற மாதிரி கிளினிக் கொப்பியையும் பையையும் கையோட எடுத்துக்கொண்டு போங்க. வேர்க்கவில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்க. சிரித்தால் திருப்பியும் சொல்லுங்க.

பைக்குப் பின்பக்கம் போடச் சொல்லி நாங்கள் எழுதி வைத்திருக்கிறது இவ்வளவுதான்: “இந்தக் குளிசை வேர்வையைக் குறைக்கலாம். வெயிலில் வேலை செய்யும்போது அடிக்கடி நிழலில் இருங்கள், உடம்பை நனையுங்கள். வாய் வறண்டால், சலம் போகக் கஷ்டமாக இருந்தால், உடம்பு காந்தினால் அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். தலைசுற்றித் தடுமாறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.” ஐந்து வசனம். ஒரு இறப்பர் முத்திரையில் அடங்கும். சிங்களத்திலும் வேண்டும், சேருநுவரப் பக்கத்து வயல்காரருக்கும் இதே வெயில்தான். இதைவிடச் சுருக்கமாக, இதைவிட நல்ல தமிழில் எழுதத் தெரிந்தவர்கள், முக்கியமாக மருத்துவபீடத்தில் படிக்கிற எங்கட பிள்ளைகள், திருத்தித் தாங்க. சிறுபோக வெட்டுத் தொடங்க முதல் வேணும்.